பிலிமத்தலாவைச் சந்தியில் என் அம்மா

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் அப்பாவின் படம் மாட்டியிருக்கிறது. அடையாள அட்டையிலிருந்த குட்டிப் படத்தைக் கண்டியில் கொடுத்துப் பெரிதாக்கியது. அவர் செத்த அன்றைக்கு அவசரத்தில் வேறொன்றும் கிடைக்கவில்லை. ஆயுசு முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிந்த மனிதர், அந்தப் படத்தில் மட்டும் கண்ணை உருட்டி வாயை இறுக்கிக்கொண்டு, பொலிஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறார். மாலை போட்டு, சிவப்பு பல்பு எரியவிட்டும் அந்தக் களவாணிப் பார்வை போகவில்லை. அம்மா விளக்கு வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "இப்படியா மொறைக்கிறது" என்று அவரிடம் கேட்பாள்.

அதிலிருந்து அம்மாவுக்கு ஒரே கவலை, தன் படமும் இப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான். "நான் போன அன்னிக்கு ஐடென்டிட்டி கார்டத் தூக்கிக்கிட்டு கண்டிக்கு ஓடாதீங்க. எனக்கு ஒரு நல்ல போட்டோ வேணும். அவரு பக்கத்துல மாட்டுற மாதிரி" என்று எனக்கும் தம்பிக்கும் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

சரி, வா, ஸ்டூடியோவுக்குப் போவோம் என்றால் வரமாட்டாள். சாவுப் படத்துக்கென்றே போய்க் கதிரையில் உட்கார்ந்தால் எமனை நாமே கூப்பிட்டுவிட்ட மாதிரியாம். வேறு காரியத்துக்கு எடுத்த படம் நன்றாக அமைந்துவிட்டால் தோஷமில்லை. ஆனால் அது தானாக வர வேண்டும். வந்ததா என்றால் இல்லை. கல்யாண வீட்டுப் படங்களில் அம்மா யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் அரை முகமாக நிற்பாள், இல்லாவிட்டால் வாய் நிறையச் சோறு இருக்கும். என் போனில் எடுத்ததையெல்லாம் அவள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "போன்ல உள்ளது போன்லயே கெடக்கும். செவுத்துக்கு வருமா?" பிரிண்ட் போடலாம் என்று நானும் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். காதில் ஏறினால்தானே.

அதனால்தான் ஒரு நாள் போனில் அவள் குரல் அப்படித் துள்ளியது. மடுல்கெல்லையில் எங்கள் தோட்டத்துக்குத் தேயிலை விளம்பரம் எடுக்க ஆட்கள் வரப்போகிறார்கள். சிரித்த முகமாக ஐந்தாறு பேரைக் கங்காணி தெரிந்தெடுத்திருக்கிறார். அதில் அம்மாவும் ஒருத்தி. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் குந்தியிருக்க முடியாமல் அவள் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

"பெரிய கேமராவாம் புள்ள. கொழும்புல இருந்து வர்றாங்களாம். ஒவ்வொருத்தரா நிக்க வச்சு எடுப்பாங்களாம். தானா வருது பாத்தியா."

எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. நான் பேராதனையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். பிலிமத்தலாவையில் வாடகை வீடு. இருட்டியதும் டீவி முன்னால் உட்காருகிற எல்லாரையும் போலத்தான் நானும். விளம்பரத்தில் தோட்டத்துத் தமிழர் நாங்கள் எப்போது வருவோம் என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்கு எண்ணெய் விற்க ஒரு முறை வருவோம், மற்றபடி கூடையோடு வருவோம். சவர்க்காரம் போட்டுக் குளிக்க, பாங்கில் கணக்குத் திறக்க, பிள்ளைக்குப் பால்மா கரைக்க எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. சிங்கள நாடகங்களில் வந்தால் சிரிக்க வைக்க வருவோம். வாயைத் திறந்தால் ஐயோ, மூடினால் ஐயோ என்று ஒருவர் மீசையை முறுக்கிக்கொண்டு வருவார். அம்மா என் வீட்டுக்கு வந்திருந்த ஒரு முறை அந்த ஆளை உற்றுப் பார்த்துவிட்டு, "இவரு எந்தத் தோட்டத்து ஆளு?" என்று நிஜமாகவே கேட்டாள். "எந்தத் தோட்டமும் இல்லம்மா, சும்மா நடிக்கிறாங்க" என்றேன். "அதானே, நம்ம பக்கத்துல இப்படி யாரும் இல்லியே" என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு பார்த்தாள். அவளுக்கு அதில் கோபம் இல்லை. கோபமெல்லாம் எனக்குத்தான்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். போய்ப் பார்த்தால், ரோட்டோரத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள். படம் எடுக்கிறார்கள் என்றால் எங்கள் சனத்துக்கு ஒரே அர்த்தம்தான், இருப்பதில் நல்லதை உடுத்துவது. ஒருத்தி மகள் குவைத்திலிருந்து கொண்டுவந்த கைப்பையைக்கூட மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். அம்மா, என் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவையில் நின்றாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, நெற்றியில் மெல்லிசாகத் திருநீறு பூசி, காலில் புதுச் செருப்பு போட்டிருந்தாள். அவ்வளவு அழகாக இருந்தாள்.

வேனிலிருந்து இறங்கிய படப்பிடிப்பாளர் அவர்களைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டார். கூட வந்தவர்களில் தமிழ் பேசத் தெரிந்த ஒரு பெண் இருந்தாள். ஏற்பாடெல்லாம் அவள்தான். கொழும்புத் தமிழ், மரியாதையான பிள்ளை.

"ஆன்ட்டி, இப்படி இல்ல. நீங்க வேலைக்குப் போற மாதிரி இருக்கணும்."

அப்படியா, அதற்கென்ன என்று பெண்கள் லயத்துக்கு ஓடினார்கள். திரும்பி வந்தபோது நிஜமாகவே வேலைக்குப் போகிற மாதிரிதான் வந்தார்கள். மேலே புருஷனின் பழைய சட்டை, இடுப்பில் ஈரம் ஏறாமலிருக்கக் கட்டுகிற பிளாஸ்டிக் படங்கு, தலையில் நிறம் போன துணி. ஒருத்தி மகனின் ஸ்கூல் ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். படப்பிடிப்பாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"இதுவும் இல்ல ஆன்ட்டி" என்றாள் அந்தப் பிள்ளை, பாவம், அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நல்லதும் வேண்டாம், உள்ளதும் வேண்டாம். அப்படியென்றால் என்னதான் வேண்டுமாம் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அப்போதுதான் வேனுக்குள்ளிருந்து பெட்டியை இறக்கினார்கள். எல்லாருக்கும் ஒரே சிவப்பில் புடவை, தங்கக் கரை, கவ்விப் பிடிக்கிற மூக்குத்தி, கண்ணாடி வளையல், ஒட்டுப் பின்னல். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒருத்தி எந்தக் காலத்திலும் கொழுந்தெடுத்தது கிடையாது. ஆனால் எனக்கு அவளை நன்றாகத் தெரிந்திருந்தது. தேயிலைப் பக்கெட்டில், நாள்காட்டியில், சுற்றுலாக் கடைக் குவளையில் எத்தனை தரம் பார்த்திருப்பேன்.

முன்னால் நிற்பதற்கு ஒரு மாடல் பெண்ணைக் கொழும்பிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். நல்ல வெள்ளை. அவளுக்கு முகத்தில், கழுத்தில், கையில் எல்லாம் மண்ணிறத்தில் ஏதோ பூசினார்கள். பூசி முடித்துவிட்டு அதே பஞ்சோடு அம்மாவிடம் வந்தார்கள். அம்மா எங்கள் பக்கத்தில் கொஞ்சம் வெளுத்தவள்.

"அவங்களுக்கு எதுக்கு? அவங்க இந்தத் தோட்டத்து ஆளுதானே" என்று கேட்டேன்.

"கேமராவுக்கு அப்படித்தான் அக்கா. எல்லாரும் ஒரே கலர்ல இருந்தாத்தான் நல்லா வரும்" என்றாள் கொழும்புப் பிள்ளை.

பிறகு பொட்டை எடுத்தார்கள். ஒரு ரூபாய்க் குற்றிக் காசளவு சிவப்புப் பொட்டு. அம்மா முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அப்பா போனதிலிருந்து அவள் பொட்டு வைப்பதில்லை. யாரும் அழிக்கச் சொல்லவில்லை, அவளாகத்தான் விட்டாள்.

"எனக்கு வேணாங்கண்ணு. அவரு போயிட்டாரு."

பூசுகிற பெண்ணுக்குத் தமிழ் விளங்கவில்லை. கொழும்புப் பிள்ளைக்கு விளங்கியது. "நடிப்புதானே ஆன்ட்டி" என்று மெதுவாகச் சொன்னாள். நான் எழுந்துவிட்டேன். நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறு வேலை என்று வந்தவளை, அம்மா கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"பேசாம இரு. எல்லாம் முடிஞ்ச பொறகு பச்சைப் பொடவையில தனியா ஒண்ணு எடுத்துத் தாரேன்னு அந்தப் புள்ள சொல்லியிருக்கு."

அதற்குத்தானா இவ்வளவும். நான் உட்கார்ந்துவிட்டேன்.

பொட்டு வைத்து முடித்துக் கண்ணாடியைக் காட்டினார்கள். மற்றவர்கள் தங்களைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தாள். விரலால் அந்தப் பொட்டின் ஓரத்தைத் தொடப்போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள். கோபப்படுவதா அழுவதா என்று தெரியாமல் தேயிலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாடல் பெண்ணை முன்னால் விட்டு, இவர்களைப் பின்னால் நிரையாக நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்கள். சிரிப்பு வந்தால்தானே. வெறுங்காலில் அட்டை ஏறுகிறது, மேலே குளிருகிறது, கொழுந்தைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால் யாருக்கு வரும்? படப்பிடிப்பாளர் சிங்களத்தில் கெஞ்சினார், பிள்ளை தமிழில் கெஞ்சினாள். கடைசியில், கைப்பை கொண்டுவந்தவள் அவருடைய காற்சட்டையைப் பார்த்து, "முட்டியெல்லாம் கிழிஞ்சிருக்கு, பாவம், தைக்க வீட்டுல ஆள் இல்ல போல" என்றாள். அவ்வளவுதான். எல்லாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவர் ஆனந்தமாகப் படம் படமாகத் தட்டித் தள்ளினார்.

முடிந்ததும் அம்மா தண்ணீர்ப் பீலிக்கு ஓடினாள். அந்தச் சாயம் லேசில் போகவில்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, முகமெல்லாம் சிவந்து, பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் மேலே ஏறி வருவதற்குள் மலையிலிருந்து மூட்டம் இறங்கி மழை பிடித்துக்கொண்டது. கேமராவை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை படப்பிடிப்பாளரிடம் போய்க் கேட்டாள், அதைச் சொல்ல வேண்டும். அவர் நெஞ்சில் கையை வைத்து அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டி, அடுத்த தரம் என்றார். கெட்ட மனிதர் இல்லை. எல்லாருக்கும் ஆளுக்கொரு தேயிலைப் பக்கெட்டைக் கொடுத்தார்கள். ஆயுசு முழுக்கக் கொழுந்தெடுத்தவளுக்குத் தேயிலைப் பக்கெட்.

"பரவால்லங்கண்ணு, பத்திரமாப் போயிட்டு வாங்க" என்று அம்மா மழையில் நனைந்துகொண்டே கையசைத்தாள்.

வேன் போனதும் நான் கத்தினேன். என்ன மனுசர்கள், ஒரு நிமிஷம் நின்றால் குறைந்தா போவார்கள் என்று. "மழைக்கு அவங்க என்னா செய்வாங்க" என்று அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். காதுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் மண்ணிறம் இருந்தது.

சில மாதங்கள் கழித்து, பிலிமத்தலாவைச் சந்தியில் கடைகளுக்கு மேலே அந்த விளம்பரப் பலகை ஏறியது. பேராதனைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தேன். முன்னால் மாடல் பெண் இரண்டு இலையும் மொட்டும் ஏந்திக்கொண்டு நிற்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால், வீட்டுக் கதவளவு பெரிய முகமாக, என் அம்மா. கறுத்து, பெரிய பொட்டு வைத்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. தேயிலையின் சந்தோஷம் அந்த முகத்தில் தெரிகிறது என்கிற மாதிரி கீழே சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். காற்சட்டையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்று யாருக்குத் தெரியும்?

என்னோடு வேலை செய்கிற சிங்களத் தோழி ஒருத்தி தினமும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். நல்லவள். தன் வீட்டுப் பலாக்காயில் பாதி எனக்குத்தான். உன்னைப் பார்த்தால் தோட்டத்து ஆள் மாதிரியே இல்லை என்று பாராட்டாகவே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவள் பலகையைக் காட்டி, "எவ்வளவு சந்தோஷமான சனங்கள் பாரு" என்றாள். "பின்னால நிக்கிறது என் அம்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். பஸ் வளைவில் திரும்பியது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா உண்மையில் எப்படி இருப்பார்?" என்று கேட்டாள். போனை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தக் கேள்விக்காகவே அவளை எனக்கு இன்னும் பிடிக்கும்.

தோட்டத்தில் அவ்வளவு லேசாக முடியவில்லை. பலகையை யாரோ போனில் எடுத்து அனுப்பி, அது லயம் லயமாகச் சுற்றியது. முதலில் பெருமையாகத்தான் பேசினார்கள். பிறகு பீலியில் ஒருத்தி, "அண்ணன் போன பொறகு அக்காவுக்குப் பொட்டு நல்லாத்தான் எடுப்பா இருக்கு" என்று அப்பாவை இழுத்துச் சொன்னாளாம். அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். அம்மா கொஞ்ச நாள் எல்லாரும் தண்ணீர் பிடித்துப் போன பிறகு, தனியாகப் போய்ப் பிடித்தாள். கேட்டால் முழங்கால் வலி என்றாள்.

அந்தத் தீபாவளிக்குத் தம்பி கொழும்பிலிருந்து வந்தான். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. பட்டாசு, பலகாரம், எனக்கொரு சுடிதார் எல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியாகப் பழைய பேப்பரில் சுற்றிய தட்டையான சாமான் ஒன்றை அம்மா மடியில் வைத்தான். முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"பிரிச்சுப் பாரும்மா. நீ கேட்டுக்கிட்டே இருந்தியே."

பலகைப் படம்தான். மாடல் பெண்ணை வெட்டிவிட்டு, அம்மாவை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, தங்கக் கலர்ச் சட்டமும் அடித்திருந்தான். பாவி, அவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறான். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

அம்மா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அவன் தலையைத் தடவி, "நல்லா இருக்கு ராசா" என்றாள். அவன் மாமா வீட்டுக்குப் போனதும் அதை எடுத்து அலுமாரிக்குப் பின்னால், முகம் சுவர்ப் பக்கமாக வைத்தாள். வைத்துவிட்டு என்னிடம் திரும்பி, "ஒனக்கு எப்ப லீவு? கண்டிக்குப் போவோம். ஸ்டூடியோவுக்கு" என்றாள்.

"எமன் வருவான்னு சொன்ன?"

"வரட்டும். இவ செவுத்துக்கு வர்றதுக்கு அவனே வரலாம்."

அடுத்த நாளே போனோம். ஸ்டூடியோக்காரர் நல்ல மாதிரி. எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மடுல்கெல்ல என்றதும் உற்சாகமாகப் பின்னால் போய் ஒரு திரையை இறக்கினார். தேயிலை மலை, அருவி, வானவில்லுடன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அத நான் தெனம் பாக்குறேன் தம்பி. சும்மா ஒரு நீலத்தப் போடுங்க" என்றாள்.

புடவை மடிப்பைச் சரிசெய்யக் கண்ணாடிக்கு முன்னால் போனவள் கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தாள். ஒட்டுப் பொட்டு. ஒரு மிளகளவு, கரும் சிவப்பு. நெற்றியில் வைத்து அழுத்திவிட்டு, நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ணாடியில் கண்டுகொண்டாள்.

"என்னா பாக்குற? நான் வைக்கிற அளவு இதுதான். அவரு இருக்கும்போது வச்சது."

"பீலியில பேசுவாங்களேம்மா."

"பேசுறவங்க வாய தைக்கவா முடியும்."

கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஸ்டூடியோக்காரர், "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார்.

"வேணாந் தம்பி. சிரிச்சது போதும்."

அப்படியே எடுத்தார். நேராகப் பார்க்கிறாள். கண்ணில் ஒரு பிடிவாதம், உதட்டோரம் லேசான அலட்சியம். என்னைத் திட்டுவதற்கு முன்னால் அவள் முகம் இப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு என்னையறியாமல் கண் கலங்கிவிட்டது.

சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பினோம். தம்பி இன்னும் கொழும்புக்குப் போகவில்லை. அவன் புதுப் படத்தைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், அலுமாரிக்குப் பின்னால் துருத்திய தங்கச் சட்டத்தைப் பார்த்தான். படத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கப்போனேன். அம்மா தடுத்தாள்.

"உள்ள வைக்காத. அப்பா பக்கத்துல மாட்டு."

"இப்பவா? உசுரோட இருக்கவங்க படத்தப் போய் அங்க மாட்டுவாங்களா? நீதானே ஆயிரம் சாஸ்திரம் சொல்லுவ."

"மாட்டுன்னா மாட்டு. நான் இருக்கும்போதே மாட்டிப்புடு. இல்லாட்டி நான் போன அன்னிக்கு நீங்க அழுதுக்கிட்டு, அவசரத்துல, அந்தச் சிரிக்கிறவளத் தூக்கி எம்புருசன் பக்கத்துல மாட்டிருவீங்க."

நான் கதிரையை இழுத்துப் போட்டு, சுத்தியலோடு ஏறினேன். தம்பி கதிரையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி நின்றான். பிறகு என்னை இறங்கச் சொல்லிவிட்டு, சுத்தியலை என் கையிலிருந்து வாங்கி, ஆணியை அவனே அடித்தான்.